தேனீக்காரரின் மரத் தவளை: பாஸ் மீன் தூண்டில் சாமான்களின் சரித்திரம்



அன்றாடச் சாமான்கள் எப்படி இன்றைய உருவத்துக்கு வந்தன என்று இந்தப் பகுதியில் பார்த்து வருகிறோம். இந்த முறை கொஞ்சம் தூரத்துச் சாமான். நம் குடியிருப்பில் மகன் வீடு, மகள் வீடு என்று அமெரிக்காவுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருபவர்கள் பலர். அங்கே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனவர்கள், தூண்டில் சாமான்களுக்கென்றே ஒரு நீள வரிசை ஒதுக்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ரப்பர் புழு, பிளாஸ்டிக் தவளை, கண்ணும் செதிலும் வரைந்த குட்டி மீன், பளபளக்கும் தகடு, பத்து வகை நரம்பு, இருபது வகைக் கழி. பேரன் ஒன்றைக் காட்டுவான், பேத்தி இன்னொன்றைக் காட்டுவாள். எதை வாங்குவது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆனால் அந்த வரிசைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அங்கே தொங்குகிற ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஏரியில் ஒரு சிக்கலில் மாட்டியபோது கண்டுபிடித்த விடை. எந்தச் சிக்கலுக்கு எது விடை என்று தெரிந்துவிட்டால் தேர்வு எளிது. தெரியாவிட்டால் நிறத்தைப் பார்த்து வாங்கி வருவோம், லாபம் கடைக்காரருக்கு.

எந்த மீன் இது?

அந்த வரிசையில் பெரும்பங்கு ஒரே மீனுக்காக: பாஸ். நம் ஊர்க் கடைகளில் ‘சீ பாஸ்’ என்று எழுதி விற்பது கொடுவா, அது வேறு. இது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். முக்கியமாக இரண்டு வகை. பெரிய வாய் பாஸ், செடி கொடி மண்டிய வெதுவெதுப்பான ஏரியில் வாழும். சிறிய வாய் பாஸ், பாறையும் ஓட்டமும் உள்ள குளிர்ந்த நீரை விரும்பும்.

1802-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லாசெபேட் இதற்கு ‘மைக்ரோப்டெரஸ்’ என்று பெயர் வைத்தார். சிறிய துடுப்பு உடையது என்று பொருள். உண்மையில் அவர் கைக்கு வந்த மீனின் முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது. கிழிந்து தனியாக நின்ற துண்டை ஒரு தனிச் சிறு துடுப்பு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு நூற்றாண்டாகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

நம் விராலைப் போலவே இதுவும் பதுங்கித் தாக்கும் மீன். செடிக்கடியிலோ மூழ்கிய மரக்கிளையின் நிழலிலோ அசையாமல் நிற்கும். பக்கத்தில் ஏதாவது தடுமாறினால் பாய்ந்து விழுங்கும். பசிக்காகத்தான் பாயும் என்றில்லை. தன் கூட்டைக் காக்கும்போது கோபத்திலும் பாயும். அதனால்தான் உயிரில்லாத மரத்துண்டையும் ரப்பரையும் காட்டி இதை ஏமாற்ற முடிகிறது. இந்தக் கதை முழுவதும் நிற்பது இந்தக் குணத்தின் மேல்தான்.

மான் வால் முடியிலிருந்து

பொய் இரை வெள்ளைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். வில்லியம் பார்ட்ரம் என்ற தாவர ஆய்வாளர் 1770-களில் ஃபுளோரிடாப் பக்கம் சுற்றினார். 1791-ல் வெளிவந்த தன் பயண நூலில், அங்கே வழக்கத்தில் இருந்த ஒரு மீன்பிடி முறையை விவரித்திருக்கிறார். மூன்று முள்ளை முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கட்டி, மானின் வெள்ளை வால் முடியாலும் சிவப்புத் துணி இழைகளாலும் பல நிற இறகுகளாலும் மூடிவிடுவார்கள். நீண்ட கழியின் நுனியில் குட்டையாகக் கட்டி, ஒருவர் சத்தமில்லாமல் படகைத் தள்ள, மற்றவர் கரையோரச் செடிகளுக்கு அருகே நீருக்குச் சற்று மேலே அதை ஆட்டிக்கொண்டே போவார். மீன் எகிறிப் பிடிக்கும்.

இன்றும் கடையில் மூன்று முனை முள்ளும், முடியும் ரப்பர் இழையும் கட்டிய இரைகளும் தொங்குகின்றன. அடிப்படை யோசனை மாறவே இல்லை.

கடிகாரக்காரர்கள் செய்த ரீல்

குட்டைக் கயிற்றில் ஆட்டினால் கழி எட்டுகிற தூரம்தான். தூரத்தில் நிற்கும் மீனுக்கு இரையை வீச வேண்டும் என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வி எழுந்தது கென்டக்கியில்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் இருந்தார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை பல சுற்று சுற்றும்படி பல்சக்கரம் வைத்து ஒரு ரீல் செய்தார். உராய்வே இல்லாததுபோல அது ஓடியதால், சின்னக் குஞ்சு மீனைக் கோத்து வீசினாலும் அதன் எடையே நரம்பை இழுத்துக்கொண்டு போனது. அடுத்து ஃபிராங்ஃபர்ட் ஊரில் இந்த ரீலைப் பெயர்பெற வைத்த மீக் சகோதரர்களும் கடிகாரக்காரர்களே. சிறிய பல்சக்கரத்தைப் பிசகில்லாமல் வெட்டத் தெரிந்தவர்கள் அன்று அவர்கள்தான்.

இந்த வகை ரீலுக்கு ஒரு தொல்லை உண்டு. நரம்பு வெளியேறும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றினால், நூல்கண்டைப் பூனை உருட்டியதுபோலச் சிக்கல் விழும். கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது பழகிய கைக்குத்தான் வரும். இதற்கு விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. இல்லிங்வொர்த் என்ற துணி ஆலைக்காரர், ஆலையில் அசையாமல் நிற்கும் பாபினின் நுனியிலிருந்து நூல் நழுவி வருவதைப் பார்த்து, அதேபோன்ற ரீலுக்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். உருளை சுற்றாது, நரம்பு மட்டும் நழுவிப் போகும். மிக லேசான இரையையும் வீசலாம். ஸ்பின்னிங் ரீல் என்று இன்று விற்பது இதன் வாரிசு.

மூன்றாவது வகைக்கும் ஒரு கடிகாரக்காரர்தான் காரணம். ஆர்.டி. ஹல் என்ற டெக்சஸ்காரர், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் நூல் உருண்டையிலிருந்து நூல் நழுவி வருவதைக் கவனித்தாராம். உருளையை மூடியால் மூடி, பொத்தானை அழுத்தி வீசும் ரீலை அமைத்தார். 1949-ல் அதைத் தயாரிக்க முன்வந்த நிறுவனம் அதுவரை எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துகொண்டிருந்தது! ‘ஜீரோ ஹவர் பாம் கம்பெனி’ என்ற பெயரைச் சுருக்கித்தான் ‘ஜெப்கோ’ ஆனது. அமெரிக்காவில் குழந்தைகள் முதலில் பிடிக்கும் ரீல் அநேகமாக இந்த வகையாகவே இருக்கும்.

தேனீக்காரரும் மரத்துண்டும்

ரீல் இப்படி வளர்ந்தபோது, முள்ளில் கோத்ததோ உயிருள்ள தவளை அல்லது குஞ்சு மீன். அதைப் பிடிப்பதே ஒரு வேலை. இரண்டு முறை வீசினால் செத்துவிடும்.

மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் இருந்தார். தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றவர்; தேன்கூட்டுப் பெட்டி ஒன்றே அவர் பெயரில் உண்டு. 1898 வாக்கில் ஒரு நாள் குளக்கரையில் நண்பருக்காகக் காத்திருந்தபோது, பொழுது போகாமல் ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தார். எழும்போது அதை நீரில் எறிந்தார். ஒரு பாஸ் பாய்ந்து அதைத் தாக்கியது. அதன்பின் மரத்தில் தவளை செதுக்கி நண்பர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார் என்பது அந்த ஊர் சொல்லும் கதை. அந்த மரத் தவளைகள் இன்றும் இருக்கின்றன. சில ஆண்டுகளில் மகனோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். டோவாஜாக் என்ற ஊர்ப் பெயரே இரையின் பெயரானது.

அந்தக் காலத்து ஹெடன் இரை ஒன்றில் ஐந்து மும்முனை முட்கள் இருந்தன. கணக்குப் போட்டால் ஒரே இரையில் 15 கூர்முனை. மீன் எந்தப் பக்கம் தொட்டாலும் தப்பக் கூடாது என்ற எண்ணம். அன்று மீன் பிடிப்பது சாப்பாட்டுக்கு; அது தப்பிப் பிழைக்க வேண்டும் என்று நினைக்க யாருக்கும் காரணம் இல்லை.

நீர்ப்பரப்பில் ஓடும் இரைக்கு அடுத்த பெயர் ஃபிரெட் ஆர்போகாஸ்ட். ஓஹாயோவின் அக்ரான் நகரில் டயர் ஆலையில் வேலை பார்த்தவர். 1938-ல் அவர் வெளியிட்ட ஜிட்டர்பக், முகத்தில் வளைந்த தகடு பொருத்தியது. இழுத்தால் இருபுறமும் அசைந்து ‘களக் களக்’ என்று சத்தம் போடும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மீன் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அந்த அதிர்வை அறிந்துகொள்ளும். விடியற்காலை, அந்தி, இரவு ஆகிய வேளைகளுக்கு உரிய விடை அது.

அடுப்பில் காய்ச்சிய புழு

அதே அக்ரான் நகரில் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி, மனைவி காஸ்மாவோடு சேர்ந்து வினைல் குழம்பையும் நிறப்பொடியையும் வீட்டு அடுப்பில் காய்ச்சி, அச்சில் ஊற்றிப் பார்த்தார். 1949-ல் உண்மை மண்புழுவைப் போலவே துவளும் பிளாஸ்டிக் புழு வந்தது. மரத்தைக் கடித்த பாஸ் உடனே துப்பிவிடும். மெத்தென்ற புழுவைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கும். அந்த ஒரு விநாடி தூண்டில்காரருக்குப் போதும்.

ஆனால் இந்தப் புழு அதன் முழுப் பயனைக் கண்டது தெற்கே. 1933-க்குப் பிறகு டென்னசி ஆற்றில் வரிசையாக அணைகள் எழுந்தன. டெக்சஸின் பெரிய ஏரிகளில் அநேகமாக எல்லாமே அணை கட்டி உண்டானவை. காட்டை வெட்டாமலே பல இடங்களில் நீரைத் தேக்கினார்கள். மூழ்கிய மரங்கள் பாஸுக்கு அரண்மனை. தூண்டில்காரருக்கோ வீசிய முள்ளெல்லாம் கிளையில் மாட்டும் தலைவலி. அதற்குக் கண்ட விடைதான் ‘டெக்சஸ் ரிக்’: முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிடுவது, முன்னால் தோட்டா வடிவக் குண்டு ஒன்றைக் கோப்பது. கிளைக்கிடையில் வழுக்கிப் போகும். மீன் கடித்து நாம் இழுக்கும்போது மட்டும் முனை வெளியே வரும். இதற்குச் சொடுக்கி இழுக்க விறைப்பான கழி வேண்டும். மும்முனை முள் உள்ள இரைக்கு வளைந்து கொடுக்கும் கழி வேண்டும். இல்லாவிட்டால் மீனின் வாய் கிழிந்து முள் பிய்ந்துவிடும். கழிகளில் இத்தனை வகை ஏன் என்பதற்கு இதுதான் காரணம்.

நரம்புக்கும் இப்படி ஒரு கதை. முன்பு பட்டு நூல். மீன் பிடித்துவிட்டு வந்து காயவைக்காவிட்டால் இற்றுவிடும். 1930-களின் இறுதியில் நைலான் வந்தது, அந்தத் தொல்லை போனது. 1971-ல் ஜப்பானியர் ஃபுளோரோகார்பன் நரம்பைக் கொண்டுவந்தார்கள். நீருக்குள் சட்டென்று தெரியாது, மூழ்கும். 1990-களில் பின்னல் நரம்பு; மெல்லியது, ஆனால் செடியையே அறுத்து வரும் பலம். மேற்பரப்பு இரைக்கு மூழ்கும் நரம்பு கட்டினால் இரையின் மூக்கைக் கீழே இழுக்கும். அதற்கு நைலானே சரி. தெளிந்த நீரில் ஆழத்துக்கு ஃபுளோரோகார்பன். செடி மண்டிய இடத்துக்குப் பின்னல்.

இரண்டு பேருக்கு ஒரே இரை

இத்தனை சாமானும் இருந்தால் பெரிய மீன் மாட்டிவிடுமா? ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1932 ஜூன் 2. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, மழையால் உழ முடியாததால் நண்பரோடு மீன் பிடிக்கப் போனார். மாண்ட்கோமரி ஏரி என்பது ஆற்றிலிருந்து பிரிந்து கிடந்த ஒரு வளைவு நீர். கையால் செய்த படகு. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மர இரை. மாற்றி மாற்றி வீசினார்கள். பெர்ரி வீசியபோது மாட்டிய பெரிய வாய் பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ்; பத்து கிலோவுக்குச் சற்று மேல். எடை போட்டுப் பதிந்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துப் போய்க் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு பத்திரிகைப் போட்டியில் 75 டாலர் மதிப்புள்ள சாமான்கள் பரிசாகக் கிடைத்தன.

அந்த உலக சாதனையை 77 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதைவிட ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் கூடுதல் வேண்டும் என்பது விதி. எனவே இருவரும் சமம் என்று அறிவித்தார்கள். குரிட்டா முள்ளில் கோத்தது உயிருள்ள ஒரு சின்ன மீன்! இடையில் வந்த எந்தப் புது இரைக்கும் அந்த முதலிடம் கிடைக்கவில்லை.

பிடித்த பிறகு

குரிட்டாவின் மீன் நமக்கு இன்னொரு சங்கதியையும் சொல்கிறது. பாஸ் ஜப்பானுக்குச் சொந்த மீன் அல்ல. 1925-ல் ஹகோனேயில் உள்ள ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். பொழுதுபோக்குக்காக அது ஏரி ஏரியாகப் பரவியது. அந்நாட்டுச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2003-லிருந்து பிவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்ப நீரில் விடுவது தடை. 2005-ல் அது தீங்கு செய்யும் அந்நிய உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. குரிட்டா இரையாக வைத்த புளூகில் மீனும் வந்தேறிதான். 1960-ல் அமெரிக்காவில் அன்பளிப்பாகக் கிடைத்ததை அன்றைய இளவரசர் அகிஹிட்டோ கொண்டுவந்தார். 2007-ல், பேரரசராக, அது செய்த சேதத்துக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

அமெரிக்காவிலோ திசை நேர்மாறு. இன்சூரன்ஸ் விற்பனையாளராக இருந்த ரே ஸ்காட் 1967-ல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரை வைத்து பாஸ் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டே ஒரு சங்கமும் தொடங்கினார். இத்தனை பேர் பிடித்தால் மீன் மிஞ்சாது என்ற கவலையும் அவருக்கு வந்தது. 1972 முதல், பிடித்த மீனைக் காற்றூட்டிய தொட்டியில் உயிரோடு வைத்து, எடை போட்டு, ஏரியில் திருப்பி விடும் வழக்கத்தைத் தன் போட்டிகளில் கொண்டுவந்தார். 1986-ல் டெக்சஸின் ஃபோர்க் ஏரியில் பிடிபட்ட 17.67 பவுண்டு பாஸ் ஒன்றைப் பெரிய தொட்டியில் வைத்து ‘எதல்’ என்று பெயரிட்டு வளர்த்தார்கள். 1994-ல் அது இறந்தபோது நினைவுக் கூட்டமே நடந்தது. பெர்ரியின் மீன் போன இடம் வாணலி!

ஆக, சாமான் தேர்வில் இன்று ஒரு புதுக் கேள்வி சேர்ந்திருக்கிறது: மீனைத் திருப்பி விடப் போகிறோமா? விடுவதானால் 15 முனை வேண்டாம். ஒற்றை முள் போதும், அதன் எதிர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால் சுலபமாகக் கழலும். ரப்பர் புழுவை மீன் ஆழமாக விழுங்கிவிடும். கடித்தது தெரிந்ததும் தாமதிக்கக் கூடாது. பிய்ந்த புழுவை நீரில் போடக் கூடாது. ஈயக்குண்டை விழுங்கி லூன் என்ற முக்குளிக்கும் பறவைகள் செத்ததால், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் சிறிய ஈயக்குண்டுகளைத் தடை செய்திருக்கின்றன. டங்ஸ்டன் குண்டு விலை கூடுதல்; வாங்குவது நல்லது.

கடையில் நிற்கும்போது

அடுத்த முறை பேரப்பிள்ளைகளோடு அந்த வரிசைக்குப் போகும்போது, முதலில் எந்த ஏரி என்று கேளுங்கள். செடியும் கிளையும் அதிகமா? முனை மறைத்த புழு. அதிகாலையிலா போகிறீர்கள்? மேற்பரப்பில் சத்தமிடும் இரை. கலங்கிய நீரா? அதிரும் தகடு. திறந்த நீரில் மீன் எங்கே என்றே தெரியவில்லையா? மூழ்கி ஓடும் குட்டி மீன் இரை. குளிர் காலமானால் எதையும் மெதுவாக இழுக்க வேண்டும். சிறுவர்களுக்குப் பொத்தான் ரீல், கொஞ்சம் பெரியவர்களுக்கு ஸ்பின்னிங் ரீல். ஒரு கழி, ஒரு ரீல், நான்கு இரை, ஓர் இடுக்கி. முதல் வருடத்துக்கு இது தாராளம். நீங்களும் வீசப் போகிறீர்கள் என்றால் அந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமத்தை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். பார்வையாளராக வந்தவர்களுக்கும் அது பொருந்தும்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த ‘டேங்க் கிளீனர்’ மீனை, பெரிதாகிவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடுகிறோம். அந்நிய மீனான அது தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இப்போதே பெருகியிருக்கிறது. பிவா ஏரியின் கதை ஒரு சிலர் நல்லெண்ணத்தோடு விட்ட மீனில்தான் தொடங்கியது. தொட்டி மீன் வேண்டாம் என்றால், விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள்.

அமெரிக்க ஏரியில் பேரப்பிள்ளைகளோடு தூண்டில் போட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், எந்த நீரில் எந்த இரை பலித்தது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம்.